கீமோ வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு: எந்த நாளில் எதைப் பார்ப்பது

மற்ற வார்டுகளில் வேலை பார்த்துவிட்டுப் புற்றுநோய் வார்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். அங்கே நோய் ஆளைப் படுக்கவைக்கும். இங்கே பாதி நேரம் நாம் ஏற்றிய மருந்தே படுக்கவைக்கிறது. அதுவும் ஏற்றிய அன்றே என்று சொல்ல முடியாது. ஒரு மருந்து பத்து நிமிடத்தில் மூச்சை அடைக்கும், இன்னொன்று மூன்றாம் நாள் வாந்தியாக வரும், வேறொன்று பத்தாம் நாள் காய்ச்சலாக வரும். ஆகவே எந்தப் புகாரைக் கேட்டாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: கடைசியாக என்ன மருந்து போட்டது, போட்டு எத்தனை நாள் ஆகிறது. இந்தக் கட்டுரையும் அந்த நாள் கணக்கிலேயே போகிறது. இங்கே சொல்லும் அளவுகள் பெரியவர்களுக்கானவை. உங்கள் மருத்துவமனையின் நெறிமுறை வேறாக இருந்தால் அதுவே செல்லும்.

மருந்தைத் தொங்கவிடும் முன்

பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவு உடல் பரப்பை வைத்துப் போடப்படுகிறது. உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3,600ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் சதுர மீட்டர் கணக்கு கிடைக்கும். 160 செ.மீ., 60 கிலோ என்றால் சுமார் 1.63. மருத்துவர் எழுதி, மருந்தகம் சரிபார்த்து அனுப்பியிருந்தாலும் நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் கணக்கில் இருக்காது, எடையில் இருக்கும். முதல் சுற்றில் பார்த்த எடையையே நான்காம் சுற்று வரை எழுதிக்கொண்டு போவது எங்கும் நடக்கும் கோளாறு. ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, அதே எடைமெஷினில் நிற்கவையுங்கள். எடை 10 சதவீதம் கூடியோ குறைந்தோ இருந்தால் அளவை மறுபடி கணக்கிடச் சொல்ல வேண்டும். சில மையங்கள் 5 சதவீதத்திலேயே கேட்கும். கார்போபிளாட்டின் மட்டும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை வைத்துப் போடப்படுவது. அதற்குப் புதிய கிரியேட்டினின் அளவு கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது ரத்த அறிக்கை. மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது நியூட்ரோஃபில் எண்ணிக்கை, அதாவது கிருமியோடு முதலில் மோதும் வெள்ளையணு வகையின் எண்ணிக்கை. மொத்த வெள்ளையணுவை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். மொத்தம் 3,000 என்றால் பார்க்கச் சுமாராகத்தான் தெரியும். அதில் நியூட்ரோஃபில் 15 சதவீதம்தான் என்றால் கிடைப்பது 450. அந்த ஆளுக்கு அன்றைக்குக் கீமோ கிடையாது. பல சிகிச்சைத் திட்டங்களில் நியூட்ரோஃபில் 1,000 அல்லது 1,500க்கு மேலும், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குப் பக்கமாகவும் இருந்தால்தான் அடுத்த சுற்று. வரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும் என்பதால், அந்த நோயாளியின் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு கட்டிலருகே இரண்டு செவிலியர் சேர்ந்து சரிபார்ப்பது. பெயர், பிறந்த தேதி, மருந்து, அளவு, வழி, வேகம், சுற்றின் எண், காலாவதித் தேதி. ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. இருவரும் தனித்தனியாகப் பார்த்து, பிறகு ஒப்பிட வேண்டும்.

வின்கிரிஸ்டினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ரத்தக்குழாய்க்குள் மட்டுமே போக வேண்டிய மருந்து. முதுகுத்தண்டு நீரில் போய்விட்டால் ஏறக்குறைய எப்போதும் மரணம்தான். முதுகில் போடும் மருந்தும் வின்கிரிஸ்டினும் ஒரே நாளில், ஒரே அளவு சிரிஞ்சில், ஒரே தட்டில் வந்ததால்தான் உலகில் பல இடங்களில் இது நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரிக்கை விட்டு, வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கலந்து தரச் சொன்னது. 50 மி.லி. பையை யாரும் முதுகில் ஏற்ற நினைக்கமாட்டார்கள், அவ்வளவுதான் அதன் தந்திரம். சிரிஞ்சில் வந்தால் ஏற்காதீர்கள். மருந்தகத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

உங்கள் கை, உங்கள் மூச்சு

கீமோ மருந்து நோயாளிக்குச் சிகிச்சை. தினமும் தொடும் உங்களுக்கு அது விஷம். கீமோவுக்கென்று சோதிக்கப்பட்ட கையுறை இரண்டு ஜோடி போடுங்கள். உள் கையுறை அங்கியின் கைப்பட்டைக்கு உள்ளே, வெளிக் கையுறை அதற்கு மேலே. அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள், கிழிந்தால் அப்போதே. அங்கி பின்பக்கம் முடிச்சுப் போடுவதாக, திரவம் ஊடுருவாததாக இருக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இந்த வேலையிலிருந்து விலக்குக் கேட்கத் தயங்க வேண்டாம்.

டிரிப் குழாயை எப்போதும் வெறும் சலைனால் நிரப்பிய பிறகே மருந்துப் பையை இணைக்க வேண்டும். மருந்தாலேயே குழாயை நிரப்பினால் நுனியில் சொட்டும் சொட்டு உங்கள் கையிலும் தரையிலும்தான் விழும். பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்துக் குத்தாதீர்கள். கண்மட்டத்துக்குக் கீழே, மேஜை மேல் வைத்துக் குத்திவிட்டுப் பிறகு மாட்டுங்கள். கீமோ மாத்திரையைப் பொடிப்பதும் கேப்சூலைத் திறப்பதும் வார்டில் நடக்கக் கூடாத வேலை.

சிந்திவிட்டால் முதலில் ஆட்களை விலக்கி, பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு, உறிஞ்சு துணியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வைத்து எடுங்கள். நடுவிலிருந்து தேய்த்தால் இரண்டு மடங்கு இடத்துக்குப் பரவும். பிறகு சோப்புத் தண்ணீரால் மூன்று முறை கழுவ வேண்டும்.

ரத்தக்குழாயைத் தேர்ந்தெடுப்பது

சுலபமாகக் கிடைப்பது முழங்கை மடிப்பு. ஆனால் கீமோவுக்கு அதுதான் மோசமான இடம். மருந்து வெளியே கசிந்தால் ஆழத்தில் தேங்கும், வீக்கம் தெரிய நேரமாகும், பக்கத்திலேயே நரம்பும் தசைநாணும் ஓடுகின்றன. மணிக்கட்டும் புறங்கையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டியவை. முன்கையின் நடுப்பகுதியில், நிமிர்ந்த, மெத்தென்ற குழாயைத் தேடுங்கள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை வேண்டாம். இன்று காலை ரத்தம் எடுக்கக் குத்திய இடத்துக்குக் கீழே கான்யுலா போட வேண்டாம். மேலே இருக்கும் ஓட்டை வழியாக மருந்து கசியும். கான்யுலா மேல் ஒட்டும் பிளாஸ்டர் உள்ளே தெரியும்படியானதாக இருக்கட்டும். வெள்ளைத் துணிப் பிளாஸ்டரைச் சுற்றிவிட்டால் நாம் பார்க்க வேண்டிய இடத்தை நாமே மூடிவிடுகிறோம்.

போர்ட் (தோலுக்கடியில் பதித்து, பெரிய ரத்தக்குழாயோடு இணைத்த சிறு மருந்தறை) இருந்தால் வேலை நிம்மதி, ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் 30 வினாடி தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். ஊதிக் காயவைப்பது பழைய பழக்கம், விட்டுவிடுங்கள். போர்ட்டுக்கென்றே செய்த ஹியூபர் ஊசி மட்டுமே குத்த வேண்டும். சாதாரண ஊசி சிலிகான் மூடியைச் சீவி எடுத்துவிடும். 10 மி.லி.யை விடச் சிறிய சிரிஞ்சை இணைக்காதீர்கள்: சிரிஞ்சு சிறுத்தால் அழுத்தம் கூடும், குழாய் வெடிக்கும். ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் இருமச் சொல்லுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அப்படியும் வராத போர்ட்டில் 'சலைன் நல்லாத்தானே போகுது' என்று கீமோவை ஏற்றாதீர்கள். குழாய் நுனியில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழை) உறை படிந்திருந்தால் சலைன் உள்ளே போவது போலவே தெரியும், மருந்து மட்டும் உறைக்குள்ளேயே பின்னோக்கி வழிந்து தோலுக்கடியில் தேங்கும். முடிந்ததும் 10 முதல் 20 மி.லி. சலைனைத் தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்திச் செலுத்துங்கள். பிறகு நெறிமுறைப்படி ஹெபரின், கடைசிச் சொட்டு போகும்போதே கிளாம்ப்.

முதல் பத்து நிமிடம்

பக்லிடாக்செல் தொடங்கியதும் அந்த நாற்காலியை விட்டு நகராதீர்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் சுற்றில், அதுவும் முதல் பத்து நிமிடத்துக்குள் வரும். முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், சிலருக்குத் திடீரென்று இடுப்பு வலிக்கும், சிலருக்கு மலம் வருவது போலிருக்கும். "ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அந்த வாக்கியத்தைக் கேட்டதும் மருந்தை நிறுத்துங்கள், பிறகு பி.பி. பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய நாள் இரவும் அன்று காலையும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தால், சாப்பிட்டார்களா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மறந்தவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.

நிறுத்திய பின் பழைய குழாய் வழியாகவே சலைனைத் திறந்துவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் மருந்து முழுவதும் உள்ளே போகும். புதுக் குழாய், புதுச் சலைன். பி.பி. இறங்கினால் படுக்கவைத்துக் காலைத் தூக்குங்கள். மூச்சுத் திணறல் என்றால் உட்காரவையுங்கள். தீவிர ஒவ்வாமை என்றால் அட்ரினலின் 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஸ்டீராய்டும் ஆன்டிஹிஸ்டமினும் அதற்குப் பிறகு.

ரிட்டுக்சிமாப் கொஞ்சம் தாமதமாக, அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் குளிரும் நடுக்கமுமாக வரும். அதனால்தான் முதல் முறை மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி, அரை மணிக்கொரு முறை 50 கூட்டி, 400 வரை போகிறோம். கார்போபிளாட்டின் நேர்மாறு: ஐந்தாறு சுற்று நன்றாகப் போனபின், எல்லோரும் அசந்திருக்கும்போது ஒவ்வாமை காட்டும்.

மருந்து கசிந்தால்

ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையைக் கருக்கிப் புண்ணாக்கும் மருந்துகளை வெசிகன்ட் என்பார்கள். டாக்ஸோரூபிசின், எபிரூபிசின், வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், வினோரெல்பின், மைட்டோமைசின் ஆகியவை முக்கியமானவை. சாதாரணக் கான்யுலா வழியாக இவற்றைக் கொடுக்கும்போது பம்ப் வேண்டாம். குழாய் இருக்கிறதோ இல்லையோ, பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். சிரிஞ்சில் தள்ளுவதாக இருந்தால் 2 முதல் 5 மி.லி.க்கு ஒருமுறை இழுத்துப் பார்த்து ரத்தம் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ரத்தம் வருகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள். எரிச்சல், இறுக்கம், வேகம் குறைவது எதுவானாலும் நிறுத்துங்கள். நோயாளி "எரியுது" என்றால் "கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லும் வழக்கம் இந்த வார்டில் கூடாது.

கசிந்ததாகச் சந்தேகம் வந்தால்:

1. மருந்தை நிறுத்துங்கள். கான்யுலாவைப் பிடுங்க வேண்டாம்.
2. குழாயைக் கழற்றி, கான்யுலாவில் காலி சிரிஞ்சைப் பொருத்தி, எவ்வளவு வருமோ அவ்வளவையும் மெதுவாக இழுங்கள். சலைன் போட்டு அலசாதீர்கள். அலசினால் மருந்து இன்னும் விரியும்.
3. சிவந்த, வீங்கிய இடத்தின் எல்லையைப் பேனாவால் வரையுங்கள். படம் எடுத்துவையுங்கள். நேரத்தை எழுதுங்கள்.
4. கான்யுலாவை எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். கையை உயர்த்திவையுங்கள்.
5. மருத்துவரை அழையுங்கள். இதெல்லாம் நடக்கும்போதே யாராவது ஒருவர் அழைத்திருப்பது நல்லது.
6. ஒத்தடம் மருந்தைப் பொறுத்தது.

கடைசிப் படியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டாக்ஸோரூபிசின், எபிரூபிசின் என்றால் குளிர் ஒத்தடம், ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு நான்கு முறை. குளிர் குழாய்களைச் சுருக்கி மருந்தை ஓரிடத்தில் நிறுத்தும். வின்கிரிஸ்டின் வகைக்குச் சூட்டு ஒத்தடம். அந்த மருந்தை ஓரிடத்தில் நிறுத்தாமல் பரவவிட்டுக் கரைக்க வேண்டும், குளிர் வைத்தால் புண் பெரிதாகும். டாக்ஸோரூபிசினுக்கு டெக்ஸ்ராஸாக்ஸேன் என்ற மாற்று மருந்து உண்டு. கசிந்து ஆறு மணிக்குள் தொடங்க வேண்டும், வேறு கையில் ஏற்ற வேண்டும், ஏற்றுவதற்குக் கால் மணி முன்பே ஐஸ் பையை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் இலேசான சிவப்பு மட்டும் இருந்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தோல் கறுத்து உரிவதும் உண்டு. ஆகவே 'இப்போ சரியாயிடுச்சு' என்று கோப்பை மூட வேண்டாம்; சில வாரங்கள் வரவழைத்துப் பாருங்கள்.

மருந்துக்கு மருந்து மாறும் சில பழக்கங்கள்

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். முன்னும் பின்னும் சலைன் ஏற்றி, சிறுநீர் மணிக்கு 100 மி.லி.யாவது வருகிறதா என்று அளந்து பாருங்கள். 'போனாங்க' என்று எழுதுவது அளவு ஆகாது. காதில் இரைச்சல் என்று சொன்னால் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சைக்ளோபாஸ்பமைடும் ஐஃபோஸ்பமைடும் மூத்திரப்பையைப் புண்ணாக்கும். இரண்டு மணிக்கொரு முறை சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள், இரவிலும் எழுப்புங்கள். டாக்ஸோரூபிசின் போட்ட ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நள்ளிரவில் ஓடி வருவார்கள்.

ஆக்ஸாலிபிளாட்டினைச் சலைனில் கலக்கவே கூடாது, 5 சத டெக்ஸ்ட்ரோஸில்தான். போட்ட பிறகு சில நாள் குளிர்ச்சி ஆகாது: குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்டது போலவும், ஃபிரிட்ஜைத் திறந்தால் விரலில் மின்சாரம் பாய்ந்தது போலவும் இருக்கும். மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை. ஆனால் அந்த நேரத்துப் பயம் நிஜம். இதில் ஒரு சிக்கல். ஃப்ளூரோயுராசிலை ஒரே தள்ளாகக் கொடுக்கும்போது, ஐந்து நிமிடம் முன்பிருந்து அரை மணி வாயில் ஐஸ் துண்டு வைத்திருந்தால் வாய்ப்புண் குறையும் என்று படித்திருப்பீர்கள். அது சரிதான். ஆனால் இந்த இரண்டு மருந்தும் ஒரே திட்டத்தில் சேர்ந்து வருவதுதான் குடல் புற்றுநோயில் வழக்கம். அங்கே ஐஸைக் கையில் எடுக்காதீர்கள்.

முதல் 48 மணி நேரம்

உள்ளே போன மருந்து சிறுநீர், மலம், வாந்தி, வியர்வை வழியாக வெளியே வரும். குறைந்தது 48 மணி நேரம் இவற்றைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இது வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் பொருந்தும். கழிப்பறையில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க, மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடச் சொல்லுங்கள். நனைந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

வாந்தி: முன்னால் போட்டால் பாதி வேலை முடிந்தது

வாந்தி தொடங்கிய பின் நிறுத்துவது கஷ்டம். ஆன்டான்செட்ரான் வகை கீமோவுக்கு அரை மணி முன்பும், அப்ரெபிடன்ட் 125 மி.கி. ஒரு மணி முன்பும், அடுத்த இரண்டு நாள் 80 மி.கி. வீதமும் போக வேண்டும். சிஸ்பிளாட்டின் வாந்தி இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மறுபடி வரும். முதல் நாள் நன்றாக இருந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் மாட்டிக்கொள்வார். 'வாந்தி இல்லாவிட்டாலும் சாப்பிடுங்கள்' என்று மாத்திரை உறையிலேயே எழுதிக்கொடுங்கள். ஆன்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் சுற்றில் கடுமையாக வாந்தி எடுத்தவருக்கு, அடுத்த சுற்றில் வார்டு வாசலை மிதித்ததுமே குமட்டும். அது நடிப்பு இல்லை. முந்தைய இரவே பதற்றம் தணிக்கும் லோராசெபாம் போன்றது தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வாயும் வயிறும்

வாய்ப்புண் ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து தலைகாட்டும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மிருதுவான பிரஷ். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், உலர்த்தும், வேண்டாம். செயற்கைப் பல்லைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம் வரை பாருங்கள். தயிர்த் திட்டு போல வெள்ளை படிந்திருந்தால் காளான் தொற்று. 'என்ன சாப்பிட முடிகிறது' என்பது நல்ல அளவுகோல்: கெட்டியானது போகிறது, திரவம் மட்டும் போகிறது, எதுவுமே போகவில்லை. மூன்றாவது நிலைக்கு வந்தவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

வயிற்றுப்போக்கில் மருந்தின் பெயர் முக்கியம். இரினோட்டீகன் போட்ட 24 மணிக்குள் வியர்வை, கண்ணீர், எச்சில், வயிற்று முறுக்கோடு வந்தால் அதற்கு அட்ரோபின். அதற்குப் பிறகு வந்தால் லோபெரமைடு: முதலில் 4 மி.கி., பிறகு இரண்டு மணிக்கொரு முறை 2 மி.கி., பன்னிரண்டு மணி நேரம் போக்கு நின்றிருக்கும் வரை. வழக்கமான அளவைவிட அதிகம் என்பதால் மருந்துக் கடைக்காரரே தடுக்கக்கூடும்; எழுத்தில் கொடுத்தனுப்புங்கள். ஆனால் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி போட்டவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கதையே வேறு. அங்கே உடலின் எதிர்ப்பாற்றல் குடலையே தாக்குகிறது. தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும் வரலாம். லோபெரமைடு கொடுத்து மறைத்தால் குடல் ஓட்டையாகும் வரை யாருக்கும் தெரியாது.

ஏழு முதல் பதினான்காம் நாள்: காய்ச்சல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பெரும்பாலான மருந்துகளில் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்குவது இந்த வாரத்தில்தான். வாயில் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது ஒரு மணி நேரம் நீடிக்கும் 38.0, நியூட்ரோஃபில் 500க்குக் கீழே, அல்லது இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் காய்ச்சலும் இந்த எண்ணிக்கையும் சேர்ந்தால் மணிக் கணக்கில் உயிர் போகக்கூடும். வந்த ஒரு மணிக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும்.

செய்யும் வரிசை: தனி இடத்தில் படுக்கவைத்து நாடி, பி.பி., மூச்சு, ஆக்சிஜன் பாருங்கள். ரத்தக் கல்ச்சர் இரண்டு ஜோடி எடுங்கள். போர்ட் இருந்தால் ஒன்று அதிலிருந்து, ஒன்று கையிலிருந்து. ரத்த எண்ணிக்கையும் லாக்டேட்டும் அனுப்புங்கள். உடனே ஆன்டிபயாடிக். எண்ணிக்கை வரட்டும், எக்ஸ்ரே முடியட்டும் என்று காத்திருப்பதில்தான் அந்த ஒரு மணி கரைகிறது. வழக்கமான அறிகுறிகளையும் எதிர்பார்க்காதீர்கள். சீழ் என்பதே நியூட்ரோஃபில் குவியல்தான். அது இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, சிவப்பு மங்கலாக இருக்கும், நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியும். ஸ்டீராய்டில் இருப்பவருக்குக் காய்ச்சலே ஏறாமல் குளிரும் தளர்ச்சியும் மட்டும் இருக்கலாம். அதையும் காய்ச்சலாகவே நடத்துங்கள்.

செய்யக் கூடாதவை: ஆசனவாயில் தெர்மாமீட்டர், சப்போசிட்டரி, எனிமா. அங்கே ஏற்படும் மெல்லிய கீறல் போதும், குடல் கிருமி ரத்தத்தில் ஏற. தெர்மாமீட்டர் வைக்கும் முன் பாராசிட்டமாலும் கூடாது. தலைவலிக்கென்று வீட்டில் போட்ட மாத்திரை காய்ச்சலை ஆறு மணி நேரம் மறைத்துவிடும். அணுக்களை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசியைக் கீமோ முடிந்த 24 மணிக்குள் போடாதீர்கள். அது உண்டாக்கும் இளம் அணுக்களை அப்போது உடம்பிலிருக்கும் கீமோவே அழித்துவிடும். அந்த ஊசிக்கு இடுப்பெலும்பும் முதுகும் வலிப்பது வழக்கம் என்று சொல்லிவையுங்கள்.

பிளேட்லெட்டும் இதே வாரத்தில் இறங்கும். 50,000க்குக் கீழே தசை ஊசி வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம். ரத்தம் எடுத்த இடத்தை ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். காலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், ஈறில் கசிவு ஆகியவற்றை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள். இவற்றோடு தலைவலி சேர்ந்தால் காத்திருக்காதீர்கள்.

வலி

வலிக்கு நாள் கணக்கு கிடையாது. மார்ஃபின் என்றதும் பயப்படுவது நோயாளி மட்டுமில்லை, செவிலியரும்தான். முறை எளிது: வாய் வழி, கடிகாரப்படி. உடனடியாக வேலைசெய்யும் மார்ஃபினை நான்கு மணிக்கொரு முறை கொடுக்க வேண்டும். வலி வந்தபின் கேட்டுக் கொடுப்பது அல்ல. இடையில் வலி கிளம்பினால் நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக. 10 மி.கி. ஆறு வேளை என்றால் மொத்தம் 60, இடைவேளை அளவு 10. இடைவேளை மருந்து எத்தனை முறை தேவைப்பட்டது என்று எழுதிவைத்தால்தான் மருத்துவர் அடுத்த நாள் அளவைச் சரியாக ஏற்ற முடியும். குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது. மார்ஃபின் எழுதிய அதே தாளில் மலமிளக்கி இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே, எழுப்பினாலும் எழாத நிலை என்றால் மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் 0.4 மி.கி.யைச் சலைனில் 10 மி.லி. ஆக்கி, இரண்டு நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம், மூச்சு ஏறும் வரை மட்டும். மொத்தமாகத் தள்ளினால் அடக்கிவைத்த வலி முழுவதும் ஒரே நொடியில் திரும்பும். நலாக்சோனின் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால் அதன் பிறகும் பக்கத்திலேயே இருங்கள்.

தோல் வழியாக வலி மருந்து தரும் ஃபென்டனில் பட்டை ஒட்டிப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆனால்தான் பிடிக்கும். அதுவரை பழைய மருந்தை நிறுத்தாதீர்கள். வெட்டக் கூடாது. அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும், காய்ச்சலிலும் அப்படியே. 72 மணிக்கொரு முறை மாற்றும்போது புதியதை வேறிடத்தில் ஒட்டி, பழையதைப் பசை உள்ளே வரும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். பழைய பட்டையைக் கழற்றாமலே புதியதை ஒட்டும் தவறு அடிக்கடி நடக்கிறது. முதுகையும் தோளையும் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

இன்னொரு வகை வலியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர் புதிதாக முதுகு வலிக்கிறது என்கிறார். படுத்தால் கூடுகிறது, இருமினால் கூடுகிறது, மாடிப்படி ஏறும்போது கால் தொய்கிறது என்கிறார். முதுகுத்தண்டு அழுந்துகிறதோ என்று சந்தேகியுங்கள். சிறுநீர் அடைப்பு வரும் வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருந்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். நடை நின்றபின் வந்தவருக்கு அது திரும்புவது அரிது. அன்றைக்கே முதுகு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ., அதற்கு முன்பே டெக்ஸாமெத்தசோன். இதை வலி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் தங்காது. ஒரு அட்டையில் மருந்தின் பெயர், போட்ட தேதி, ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் எந்தத் தேதியில் வருகின்றன, இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே: 38 டிகிரி அல்லது நடுக்கம், நிற்காத ரத்தக் கசிவு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காதது, புதிய மூச்சுத் திணறல், கால் தொய்வு. இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் வர வேண்டும் என்று சொல்லுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், வாசலிலேயே அந்த அட்டையைக் காட்டி 'கீமோ நோயாளி, காய்ச்சல்' என்று சொல்லச் சொல்லுங்கள், வரிசையில் உட்காரவைக்கமாட்டார்கள். சொல்லி முடித்ததும் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், கூட வந்தவரையும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, அதைப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். இல்லை என்றால் வார்டிலேயே ஒன்றைக் கையில் கொடுத்து, ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.